மழைப் பதிவேடும் வரைபட நூலகமும்

இந்திய வானிலைத் துறையின் நடைமுறைப்படி, மழைமானியில் சேர்ந்துள்ள நீர் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. முந்திய 24 மணி நேரத்தில் பெய்த மழை, அளக்கப்பட்ட நாளின் தேதியிலேயே பதிவேட்டில் ஏறுகிறது. ஒரு நிலையத்தில் பத்தாண்டுகளில் இவ்வாறு சேரும் எண்கள் 3,650-க்கும் மேற்பட்டவை. அவற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பவருக்கு எந்த மாதம் வறண்டது, எந்த ஆண்டு பருவமழை பிந்தியது என்பவை எளிதில் புலப்படமாட்டா. ஆதலின் எண்களை வரைபடமாக்கிக் காண்பது கள அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். சதுரக் கட்டமிட்ட தாளும் பென்சிலும் கொண்டு செய்யப்பட்டு வந்த அவ்வேலையை இப்பொழுது கணிப்பொறி செய்து தருகிறது.

வேலை எளிதாயிற்று, ஆயினும் ஒரு புதிய பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது. தாளில் வரைந்தவர் ஒவ்வொரு கோட்டையும் தாமே அறிந்து வரைந்தார். கணிப்பொறியிலோ, வரைபவர் சொல்லாது விட்ட பல விஷயங்களை நிரல் தானே தீர்மானித்துக்கொள்கிறது. அத்தீர்மானங்கள் நிரலுக்கு நிரல் வேறுபடுகின்றன. எனவே, எந்த நிரலைக் கொண்டு வரைவது என்பது வெறும் அழகு பற்றிய கேள்வியாகாது; மழைக் கணக்கு மெய்யாக வெளிப்படுமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

வரைபடத்தின் இன்றியமையாமையை 1973-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியல் அறிஞர் ஓர் எளிய உதாரணத்தால் விளக்கினார். பதினோரு இணை எண்கள் கொண்ட நான்கு தொகுதிகளை அவர் அமைத்தார். நான்கிலும் முதல் எண்களின் சராசரி 9. இரண்டாம் எண்களின் சராசரி ஏறத்தாழ 7.5. கணக்கில் மட்டும் பார்த்தால் நான்கும் ஒன்றே போலத் தோன்றும். வரைந்து பார்த்தாலோ, ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறிய புள்ளிகளாகவும், ஒன்று வளைவாகவும், ஒன்று ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கும் நேர்கோடாகவும், மற்றொன்று ஒரு புள்ளி நீங்கலாக ஏனையவை செங்குத்தாக அடுக்கப்பட்டதாகவும் அமைகின்றன.

நூலகம் என்பது யாது?

கணிப்பொறித் துறையில் நூலகம் எனும் சொல் புத்தகசாலையைக் குறிப்பதன்று. பலரும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலைகளுக்கான நிரல்களை முன்னரே எழுதி, ஒரு தொகுதியாகக் கட்டி வைத்திருப்பதே நூலகம் எனப்படுகிறது. அச்சு வரைதல், அளவு குறித்தல், புள்ளி இடுதல், வண்ணம் தீட்டல் முதலியவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிக்கொண்டிராமல், நூலகத்தை அழைத்து ஓரிரு வரிகளில் முடித்துக்கொள்ளலாம். கிடோ வான் ரோசம் என்பவர் 1991-இல் வெளியிட்ட பைத்தான் என்னும் நிரல் மொழி, விஞ்ஞானக் கணக்குகளுக்குப் பெரிதும் பயன்படுகிறது. அம்மொழிக்கு வரைபட நூலகங்கள் பல உள்ளன. பெரும்பான்மையானவை விலையின்றிக் கிடைப்பவை.

அவற்றுள் மூத்ததும் பரவலானதும் மாட்பிளாட்லிப். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹண்டர், தம் ஆய்வுத் தேவைக்காகவே இதனை எழுதத் தொடங்கி 2003-இல் வெளியிட்டார். விலை கொடுத்து வாங்கவேண்டிய மாட்லாப் என்னும் மென்பொருளுக்குப் பழகிய கை இதற்கும் பழகும்படி கட்டளைகளை அமைத்தார். 2012-இல் அவர் காலமான பின்னரும், தன்னார்வலர் பலர் அதனை வளர்த்து வருகின்றனர். இதன் மேல் கட்டப்பட்டது மைக்கேல் வாஸ்கம் இயற்றிய சீபார்ன். புள்ளியியல் நோக்கிலான படங்களைச் சில சொற்களில் வரைந்து தருவது அதன் சிறப்பு. அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகமும் வரைதல் வேலையை மாட்பிளாட்லிப்பிடமே ஒப்படைக்கிறது.

வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை பிளாட்லி, போகே, ஆல்டேர் ஆகியவை. இவை இணைய உலாவியில் திறக்கும் படங்களை ஆக்குகின்றன. புள்ளியின் மீது சுட்டியை வைத்தால் அதன் அளவு தோன்றும். வேண்டிய பகுதியைப் பெரிதாக்கிக் காணலாம். ஆர் என்னும் புள்ளியியல் மொழியில் பயின்றவர்களோ, ஹாட்லி விக்கம் 2007-இல் வெளியிட்ட ஜிஜிபிளாட் 2 என்னும் நூலகத்தையே பெரிதும் கையாளுகின்றனர். லீலண்ட் வில்கின்சன் 1999-இல் நூலாக வெளியிட்ட வரைபட இலக்கணக் கொள்கையைத் தழுவியது அது.

ஒரு மாதம், பல உயரங்கள்

இந்நூலகங்களிடையே உள்ள வேற்றுமை எத்தன்மையது என்பதைக் கற்பனையான ஒரு பதிவேட்டைக் கொண்டு அறியலாம். முப்பது நாட்கள் கொண்ட ஒரு மாதத்தில் 12 நாட்கள் மழை பெய்தது. அம்மாத மொத்தம் 180 மில்லிமீட்டர். ஒரே நாளில் பெய்த மிகப் பெரிய மழை 62 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். பதிவேட்டில் நாளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் மாதத்தின் பெயரும் மழையளவும் உள்ளன. மழையற்ற நாட்களில் சுழி எழுதப்பட்டுள்ளது. இவ்வட்டவணையை அப்படியே கொடுத்து, மாதவாரியாகப் பட்டை வரைபடம் வேண்டும் எனக் கட்டளையிட்டால் என்ன நிகழும்?

மாட்பிளாட்லிப் முப்பது பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் வரைந்துவிடும். சிறியவை பெரியதன் பின்னால் மறைந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவது 62 மில்லிமீட்டர் உயரமுள்ள பட்டை ஒன்றே. சீபார்ன் அவ்வாறு செய்வதில்லை. தனியே சொல்லாவிடில் அது சராசரியைக் கொள்ளும். ஆகவே பட்டை 6 மில்லிமீட்டரில் நின்றுவிடும். பிளாட்லியின் எளிய வடிவமான எக்ஸ்பிரஸ், நாட்பட்டைகளை அடுக்கி வைப்பதால் உயரம் 180 ஆகும். ஜிஜிபிளாட் 2-இல் பட்டைக்கென உள்ள முதற் கட்டளைக்கு மாதத்தின் பெயரை மட்டும் கொடுத்தால், வரிகளை எண்ணி 30 என்று காட்டும். மழையளவையும் சேர்த்துக் கொடுத்தால் வரைய மறுத்துப் பிழையென அறிவிக்கும். அளவை அப்படியே உயரமாகக் கொள்ளுதற்கு அதில் வேறொரு கட்டளை உண்டு.

62, 6, 180, 30 என்னும் நான்கில் எதுவும் கணக்குத் தவறு ஆகாது. மிகப் பெரிய ஒரு நாள் மழை எவ்வளவு, நாட்சராசரி எவ்வளவு, மாத மொத்தம் எவ்வளவு, பதிவுகள் எத்தனை என நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கு அவை விடைகளாகும். ஆனால் மாத மொத்தத்தை நாடியவருக்கு 6 மில்லிமீட்டர் பட்டை கிடைத்து, அதனை அவர் மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டால், நல்ல மழை பெற்ற வட்டம் வறண்ட வட்டமாகத் தோற்றமளிக்கும். அச்சின் ஓரத்தில் மழை, மில்லிமீட்டர் என்று மட்டுமே எழுதியிருக்குமாயின், படிப்பவர் இதனைக் கண்டுபிடிக்க வழியில்லை.

சீபார்ன் இன்னொன்றும் செய்கிறது. பட்டையின் உச்சியில் ஒரு சிறு கோட்டை வரைகிறது. அது சராசரி எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதை 95 சதவீத நம்பிக்கையுடன் குறிக்கும் கோடு. அதனை அம்மாதத்தின் பெருமழை, சிறுமழை எல்லைகள் என்று மாணவர்கள் பொருள்கொள்ளக்கூடும். வேண்டாதபோது அக்கோட்டை நீக்கிவிடுவதே நன்று.

இவற்றினின்றும் தப்புதற்கு எளிய வழி, கூட்டலையும் வரைதலையும் பிரித்துக்கொள்வதாகும். முதலில் பாண்டாஸ் போன்றதொரு நூலகத்தால் மாத மொத்தங்களை ஒரு சிறு அட்டவணையாக்கி, அதனைக் கண்ணால் சரிபார்த்து, அதன் பின்னரே வரைபட நூலகத்திடம் கொடுத்தல் வேண்டும். மாதத்திற்கு ஓர் எண் மட்டுமே இருக்கும்போது மாட்பிளாட்லிப், சீபார்ன், பிளாட்லி ஆகிய மூன்றும் ஒரே உயரத்தையே காட்டும். ஆசிரியர்கள் வகுப்பில் இச்சோதனையை இரு முறைகளிலும் செய்து காட்டினால், கணிப்பொறி கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது என்பதை மாணவர் நேரில் காண்பர். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளையே வானிலைத் துறை மழை நாள் எனக் கொள்வதால், மழை நாட்களின் எண்ணிக்கை வேண்டுமானால் எண்ணிக் காட்டும் முறையே பொருத்தமானது என்பதையும் உடன் விளக்கலாம்.

வெற்றிடமும் சுழியும்

பதிவேடுகளில் மழையற்ற நாளுக்குச் சுழி இடாமல் வெற்றிடமாக விட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. மழைமானி பழுதுற்றிருந்த நாளும், அளப்பவர் விடுப்பில் இருந்த நாளும் அதே போன்று வெற்றிடமாகவே கிடக்கும். மனிதர் இதனை நினைவிலிருந்தோ பக்கத்துக் குறிப்பிலிருந்தோ பிரித்தறிவர். கணிப்பொறிக்கு அது இயலாது. மேலே கூறிய பதிவேட்டில் 18 மழையற்ற நாட்களும் வெற்றிடமாக இருந்திருந்தால், சீபார்ன் அவற்றைத் தள்ளிவிட்டு மழை பெய்த 12 நாட்களுக்கே சராசரி காணும். 6 மில்லிமீட்டராக இருந்த பட்டை 15 ஆக உயர்ந்துவிடும்.

இதனினும் அபாயகரமானது மற்றொன்று. ஒரு மாதம் முழுவதும் அளவீடே இல்லையென்றால், அம்மாதத்தைக் கூட்டுமாறு பணிக்கப்பட்ட பாண்டாஸ், தனியே எச்சரிக்காமல் சுழி என்று விடை தரும். அளக்கப்படாத மாதம், ஒரு துளியும் பெய்யாத மாதமாகிவிடுகிறது. குறைந்தது இத்தனை அளவீடுகள் இருந்தாலன்றிக் கூட்டற்க என்னும் நிபந்தனையைக் கூட்டல் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்க இயலும். மழைக் கணக்கைக் கையாளும் எவரும் இந்நிபந்தனையின்றிக் கூட்டுதல் கூடாது. வறட்சியோ வெள்ளமோ பற்றிய முடிவுகள் இத்தகைய மொத்தங்களின் மேல் எழுப்பப்படுகின்றன.

கோட்டு வரைபடத்திலும் இவ்வேற்றுமை உண்டு. வெற்றிடமுள்ள நாளில் மாட்பிளாட்லிப், பிளாட்லி, போகே ஆகியவை கோட்டைத் துண்டித்து இடைவெளி விடுகின்றன. சீபார்னோ வெற்றிடத்தை நீக்கிவிட்டு இருபுறத்துப் புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடுகிறது. அளக்கப்படாத பத்து நாட்களும் அளக்கப்பட்டவை போலத் தோன்றும். அந்நாட்களின் வரிகளையே அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டால், எந்த நூலகமும் உதவ இயலாது. எல்லாம் இணைத்தே வரையும். இரு வெற்றிடங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ஓர் அளவீடு, புள்ளிக் குறி இன்றிக் கோடு மட்டும் வரையப்படும்போது, மாட்பிளாட்லிப்பில் கண்ணுக்கே தெரியாமற் போகும். கோட்டோடு புள்ளிகளையும் இடுமாறு கட்டளையிடுவதே இதற்குப் பரிகாரம்.

படிப்பவர் எங்கே இருக்கிறார்?

நூலகத்தைத் தேர்ந்தெடுக்குமுன், வரைபடம் இறுதியில் எங்கே படிக்கப்படும் என்பதை எண்ணுதல் வேண்டும். அச்சிட்ட அறிக்கை, சுவரில் ஒட்டும் தாள், வகுப்பறைத் திரை, கைப்பேசி ஆகிய ஒவ்வொன்றின் தேவையும் வேறு.

தாளில் அச்சாகும் படங்களுக்கு மாட்பிளாட்லிப்பும் அதன்மேல் அமைந்த சீபார்னும் ஏற்றவை. படத்தின் அகல உயரங்களைத் துல்லியமாகக் குறிப்பிடலாம். எவ்வளவு பெரிதாக்கினும் கோடு மங்காத வடிவத்தில் சேமிக்கலாம். பிளாட்லியும் ஆல்டேரும் அசையாப் படங்களைத் தரக்கூடியவையே. ஆனால் அதற்கு வேறொரு துணைத் தொகுதியையும் நிறுவ வேண்டியிருக்கும்.

உலாவியில் திறக்கும் கோப்புகளிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளாட்லி எழுதும் கோப்பு, தனியே மாற்றாவிடில், தனக்கு வேண்டிய நிரல் முழுவதையும் தன்னுள்ளேயே அடக்கிக்கொள்கிறது. ஆகவே அது சில மெகாபைட் பருமனாயிருக்கும். இணையம் இல்லாத பள்ளியிலும் திறக்கும். போகேயும் ஆல்டேரும் எழுதும் கோப்புகள், மாற்றிச் சொன்னாலன்றி, அந்நிரலை இணையத்திலிருந்து தருவித்துக்கொள்பவை. அலுவலகத்தில் சரியாகத் திறந்த கோப்பு, இணைப்பில்லாத கிராமப் பள்ளியில் வெற்றுப் பக்கமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆல்டேர் 5,000 வரிகளுக்கு மேற்பட்ட அட்டவணையை முதலில் ஏற்க மறுக்கும் என்பதும் நினைவில் இருக்கவேண்டும். ஒரே மழைமானியின் 14 ஆண்டு நாட்கணக்கு அவ்வெல்லையைத் தாண்டிவிடும். எல்லையை நீக்க வழியுண்டு. எனினும் வேறொருவர் எழுதிய நிரலை நகலெடுத்து ஓட்டுபவருக்கு இத்தடை திகைப்பைத் தரும்.

திரையில் அசைத்துக் காணும் படங்களின் உண்மையான பயன், அளவுகள் பெரிதும் மாறுபடும் இடத்தில் வெளிப்படுகிறது. மும்பையில் 2005 ஜூலை 27-ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் நிலையம் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. அதே நகரின் கொலாபா நிலையத்தில் பதிவானது ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். அவ்வாண்டின் நாள் மழையைத் தாளில் வரைந்தால், சாந்தாகுரூஸின் ஒற்றைக் கோடு உச்சிக்குப் போய், ஏனைய நாட்கள் எல்லாம் அடியில் புல் போலக் கிடக்கும். பிளாட்லியில் வரைந்தால் மாணவர் அவ்வடிப் பகுதியைப் பெரிதாக்கி, மற்ற நாட்களையும் தனித்தனியே காணலாம். இரு நிலையங்களையும் நாளுக்கு நாள் ஒப்பிடலாம். தாளில் இதற்கு ஈடானது, ஒரே மாதத்தை இரு வேறு அளவுகளில் இரு படங்களாக வரைவது.

வண்ணமும் தமிழும்

மாவட்டவாரி மழையைப் போல, அளவை வண்ணத்தால் காட்டும் படங்களில் நீலத்திலிருந்து சிவப்பு வரை செல்லும் வானவில் வரிசை முன்பு பெருவழக்காயிருந்தது. மாட்பிளாட்லிப்பும் அதனையே இயல்பாகக் கொண்டிருந்தது. அவ்வரிசையின் இரு முனைகளான கருநீலமும் கருஞ்சிவப்பும் கறுப்பு வெள்ளை ஒளிநகலில் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகிவிடும். மிகுந்த மழை பெற்ற இடமும் சிறிதே பெற்ற இடமும் வேறுபாடின்றித் தோன்றும் ஒரு படத்தால் என்ன பயன்? 2017-இல் வெளிவந்த 2.0 பதிப்பில், விரிடிஸ் என்னும் வரிசை அதன் இடத்தைப் பெற்றது. கருநீலத்தை ஒட்டிய ஊதாவில் தொடங்கி, பச்சை வழியாக மஞ்சளில் முடியும் இவ்வரிசையில் வெளிச்சம் படிப்படியாகவே கூடுகிறது. ஒளிநகல் எடுப்பினும் கருமை குறைய அளவு கூடும் என்னும் முறை கெடுவதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் அதனைப் படிக்கலாம். பழைய நிரல்களில் வானவில் வரிசை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தால் நீக்கிவிடுவது நலம்.

அச்சுக் குறிப்புகளைத் தமிழில் எழுத விரும்புவோர் முன்கூட்டியே ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும். மாட்பிளாட்லிப்புடன் வரும் எழுத்துருவில் தமிழ் எழுத்துக்கள் இல்லாமையால் முதலில் தோன்றுபவை வெற்றுக் கட்டங்களே. தமிழ் எழுத்துரு ஒன்றைக் குறிப்பிட்டவுடன் எழுத்துக்கள் வந்துவிடும். ஆனால் பல ஆண்டுகளாக வழங்கிவந்த பதிப்புகளில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னே வாராமல் பின்னே போய் நிற்கும். எழுத்துக்களைக் கோக்கும் முறை அந்நூலகத்தில் நெடுங்காலம் அமையாமையே காரணம். செப்டெம்பர் மொத்தம் என்னும் இரு சொற்களைத் தலைப்பாக இட்டுப் பார்த்தால், கையிலுள்ள பதிப்பின் நிலை உடனே தெரிந்துவிடும். குறிகள் இடம் மாறியிருப்பின், எழுத்துக்களை உருவக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்து எஸ்.வி.ஜி. வடிவில் சேமிக்குமாறு கட்டளையிட்டு, அக்கோப்பை உலாவியில் திறந்து அச்சிடலாம். பிளாட்லி, போகே, ஆல்டேர் மூன்றிலும் எழுத்தைக் கோக்கும் வேலையை உலாவியே ஏற்பதால் இத்தொல்லை எழுவதில்லை. தமிழ்வழிப் பள்ளிகளுக்கு இஃது ஒன்றே அவற்றைத் தேர்ந்தெடுக்கப் போதிய காரணமாகலாம்.

எதனைக் கொள்வது?

மாதந்தோறும் அச்சிட்ட அறிக்கை அனுப்பும் கள அலுவலகத்திற்கு பாண்டாஸும் மாட்பிளாட்லிப்பும் போதுமானவை. கட்டளைகள் சற்று நீளமானவை என்னும் குறை உண்டு. ஆனால் கூட்டுவதையும் சராசரி காண்பதையும் தானாகச் செய்யாதிருப்பது மழைக் கணக்கிற்கு ஒரு குணமே. பல நிலையங்களின் பரவலை ஒப்பிட வேண்டியபோது, உதாரணமாக முப்பது ஆண்டுகளின் ஜூன் மழைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் காணவேண்டியபோது, சீபார்ன் வேலையைப் பெரிதும் குறைக்கும். வகுப்பறைத் திரைக்குப் பிளாட்லி தக்கது. ஆர் மொழியில் ஏற்கனவே பழகியவர் ஜிஜிபிளாட் 2-ஐ விட்டு வரவேண்டிய அவசியம் ஏதுமில்லை. விடுபட்ட அளவீடுகளை நீக்கும்போது எத்தனை வரிகள் நீக்கப்பட்டன என்று எச்சரிக்கும் நல்ல வழக்கமும் அதனிடம் உண்டு. அலுவலகத்தில் இருவர் இரு நூலகங்களைக் கையாளுவதாயின், ஒரே மாதத்தின் கணக்கை இருவரும் வரைந்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது அரைமணி நேர வேலையே.

நூலகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுபவை. 2017-க்கு முன் எழுதிய நிரலை அதன்பின் ஓட்டினால் வண்ணங்கள் வேறாக வந்தது போல, பிற இயல்புகளும் மாறக்கூடும். ஆதலின் நிலையத்தின் பெயர், கால எல்லை, அலகு, மொத்தமா சராசரியா என்னும் குறிப்பு, விடுபட்ட நாட்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு, நூலகத்தின் பெயரையும் பதிப்பெண்ணையும் படத்தின் அடியில் ஒரு வரியில் எழுதி, நிரலையும் பதிவேட்டு நகலுடன் சேர்த்து வைத்தல் வேண்டும்.